விசா வேண்டாம்... ஆனா அனுமதி வேணும்! பிரிட்டன் கேட்கும் 'இடிஏ' என்றால் என்ன?

கையில் பிரான்ஸ் அல்லது கனடா பாஸ்போர்ட். லண்டனில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முன்பெல்லாம் டிக்கெட் போட்டால் போதும், கிளம்பிவிடலாம். இப்போது அப்படி முடியாது. விசா தேவையில்லாத வெளிநாட்டவரும் 'இடிஏ' எனும் மின்னணு பயண அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

எப்போது வந்தது?

2023-ல் கத்தார் நாட்டவருக்கு முதலில் அறிமுகமானது. 2025 ஜனவரி 8 முதல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாட்டவருக்கும், ஏப்ரல் 2 முதல் ஐரோப்பிய நாட்டவருக்கும் இது கட்டாயமானது. அயர்லாந்து குடிமக்களுக்கு மட்டும் விலக்கு.

கட்டணம் எவ்வளவு?

தொடக்கத்தில் 10 பவுண்டு. 2025 ஏப்ரல் 9-ல் 16 பவுண்டாக உயர்த்தப்பட்டது. கைக்குழந்தைக்கும் தனி அனுமதி வேண்டும் என்பதால், நான்கு பேர் போனால் நான்கு கட்டணம். அனுமதி 2 ஆண்டுகள் செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதுவும் முடிந்துவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், ஒரு பயணத்தில் அதிகபட்சம் 6 மாதம் தங்கலாம்.

வாங்காமல் போனால்?

பிரச்சினை லண்டனில் இல்லை, கிளம்பும் விமான நிலையத்திலேயே தொடங்கிவிடும். 2026 பிப்ரவரி 25 முதல், அனுமதி இல்லாதவரை விமானத்தில் ஏற்றக் கூடாது என்பது கண்டிப்பாக்கப்பட்டது. அதேநேரம், இடிஏ இருந்தாலே நுழைவு உறுதி என்றும் சொல்ல முடியாது. கடைசி முடிவு எல்லை அதிகாரி கையில்தான்.

யாருக்கு இது பொருந்தாது?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வழக்கம்போல விசாவே எடுக்க வேண்டும். பிரிட்டன் குடியுரிமையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இடிஏ கிடைக்காது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வேறு நாட்டு பாஸ்போர்ட்டில் கிளம்பினால் சிக்கல்தான்.

மற்ற நாடுகளில்?

அமெரிக்கா 2009 முதலே 'எஸ்டா' அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதன் கட்டணம் 2025 செப்டம்பர் 30-ல் 21 டாலரிலிருந்து 40 டாலரானது. கனடாவின் இடிஏ-க்கு 7 கனடா டாலர்.

எங்கே உஷாராக இருக்கணும்?

அரசு இணையதளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள், இதே விண்ணப்பத்துக்குப் பல மடங்கு பணம் வாங்குகின்றன. பிரிட்டன் அரசின் அதிகாரப்பூர்வ செயலி அல்லது இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் பதில் சீக்கிரமே வந்துவிடும். ஆனாலும் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.