பிள்ளைக்குப் பாடசாலை பிடித்திருக்கிறதா?

பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்ததும் நாம் முதலில் கேட்பது, "கணிதத்துக்கு எத்தனை புள்ளி?" என்பதையே. அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க அதற்கு மனம் வருகிறதா என்று கேட்பவர்கள் மிகச் சிலர். திங்கட்கிழமை காலைகளில் மட்டும் வரும் வயிற்றுவலியுடன் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் அழைத்துவரப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வயிற்றில் ஒரு குறையும் இருக்கவில்லை.

பாடசாலையைப் பற்றிய மாணவரின் எண்ணத்துக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டா? கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் பாடசாலை பிடிக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். எது நோய், எது அறிகுறி என்ற சந்தேகம் நியாயமானதே. இதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் சிறுவர் மனநல வைத்தியர் மைக்கல் ரட்டர். இலண்டன் நகரின் 12 இடைநிலைப் பாடசாலைகளை அவரது குழு ஆராய்ந்தது. பிள்ளைகள் அங்கு சேருமுன்னரே அவர்களின் திறமை அளக்கப்பட்டிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தும் பரீட்சைப் பெறுபேறுகளில் பாடசாலைக்குப் பாடசாலை பெரிய வேறுபாடு இருந்தது. 1979இல் வெளியான முடிவு நம்மவர்க்கு வியப்பளிக்கும். கட்டடத்தின் புதுமையோ, பாடசாலையின் பருமனோ காரணமல்ல. ஆசிரியர் நேரத்துக்குப் பாடத்தைத் தொடங்குதல், மனம்விட்டுப் பாராட்டுதல், மாணவரின் ஆக்கங்களைச் சுவரில் வைத்தல், பலருக்கும் பொறுப்புக் கொடுத்தல் போன்ற சிறு காரியங்களே அங்கு பலன் தந்தன. (பெயர்பெற்ற பாடசாலை வட்டாரத்தில் வீடு தேடி அலைவோர் கவனிக்கவும்!)

அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கையும், தன் முயற்சியால் ஆகும் என்ற நம்பிக்கை சிறுபான்மைப் பிள்ளைகளின் தேர்ச்சியோடு நெருங்கியிருப்பதைக் காட்டியது.

இங்கு ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2006 முதல் கணக்கெடுப்புகள் மூலம் மாணவரின் அபிப்பிராயத்தையே நேரடியாகக் கேட்டுவருகிறது. அந்நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. எட்டாம் வகுப்பிலேயே 'அக்கடெமிக்', 'அப்பிளைட்' என்று பிள்ளைகளைப் பிரித்த ஏற்பாடு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் "நீ இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டது. ஒன்ராறியோவில் 2022 செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்புப் பாடங்களில் அப்பிரிவினை முற்றாக நீங்கியது நல்லதே.

ஆசிரியர் சந்திப்பு நாளன்று புள்ளிகளைக் கேட்டு முடித்ததும் இன்னொன்றும் கேளுங்கள்: "என் பிள்ளை வகுப்பில் கை உயர்த்துகிறதா? இடைவேளையில் யாருடன் நிற்கிறது?" பிள்ளையையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.