ஹெயிட்டியப் பெண்ணெழுத்து: புதைக்க முடியாத சாட்சியம்

அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள் தாமே போராடி உருவாக்கிய முதலாவது குடியரசு ஹெயிட்டி ஆகும். 1791 இல் ஆரம்பமான கிளர்ச்சி, 1804 ஜனவரி முதலாம் திகதி சுதந்திரப் பிரகடனமாக நிறைவுற்றது. இவ்வரலாறு பேசப்படும்போது துசேன் லூவெர்த்தூர் போன்ற தளபதிகளின் பெயர்களே எமது நினைவுக்கு வருகின்றன. அவரது படையில் லெப்டினன்டாக இருந்து, 1802 இல் பிரெஞ்சுப் படையினரால் மரண தண்டனைக்கு உள்ளாக்கப்பட்ட சனித்தே பெலேர் என்ற பெண்ணைப் பற்றி நாம் அறிந்திருப்பது அரிது.

விடுதலைக்காக உயிர் கொடுத்த பெண்களுக்கு, விடுதலை பெற்ற நாட்டில் கிடைத்த இடம் என்ன? ஹெயிட்டியப் பெண்கள் ஒரு நூற்றாண்டு காலமாக எழுப்பி வரும் கேள்வி இதுவேயாகும்.

1915 முதல் 1934 வரை அந்நாடு அமெரிக்க இராணுவத்தின் ஆக்கிரமிப்பில் இருந்தது. ஆக்கிரமிப்பு முடிவுற்ற 1934 ஆம் ஆண்டிலேயே, மடலேன் சில்வேன் உள்ளிட்டோர் பெண்களின் சமூகச் செயற்பாட்டுக் கழகத்தை நிறுவினர். பெண் கல்விக்காகவும் வாக்குரிமைக்காகவும் அக்கழகம் பாடுபட்டது. 1950 இல் வாக்குரிமை ஏற்றுக்கொள்ளப்பட்ட போதிலும், 1957 இலேயே பெண்கள் முதன்முறையாக ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது.

அத்தேர்தலில் ஆட்சிக்கு வந்தவர் பிரான்சுவா டுவாலியர் என்பது வரலாற்றின் கொடிய முரணாகும். கறுப்பின மக்களின் மேம்பாட்டைப் பேசி ஆட்சியைப் பிடித்த அவர், அம்மக்கள் மீதே பயங்கர ஆட்சியைக் கட்டவிழ்த்து விட்டார். பெண்ணுரிமைச் செயற்பாட்டாளரும் பத்திரிகையாளருமான இவோன் ஹக்கிம் ரம்பெல் அவரை விமர்சித்தார். 1958 ஜனவரியில் ஓர் இரவு, முகமூடி அணிந்த ஆயுததாரிகள் அவரை வீட்டில் இருந்து கடத்திச் சென்று சித்திரவதை செய்து, இறந்தவராகக் கருதி வீசிச் சென்றனர். உயிர் தப்பினாலும் அவரது பத்திரிகைப் பணி அத்துடன் முடிவுக்கு வந்தது.

இக்காலத்தின் அச்சத்தை இலக்கியமாக்கியவர் மரி வியூ ஷோவே. 'காதல், கோபம், பித்து' எனப் பொருள்படும் அவரது முக்கதைத் தொகுதி, பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவாவின் ஆதரவுடன் 1968 இல் பாரிஸில் வெளியானது. முதற்கதையின் நாயகி கிளேயர், வெளிர் நிறத்தவர்களைக் கொண்ட உயர்குடிக் குடும்பத்தில் கரிய நிறத்துடன் பிறந்ததால் தாழ்வுணர்ச்சிக்குள் வளர்க்கப்பட்டவள். ஊரின் பெண்களைச் சித்திரவதை செய்யும் அதிகாரியை இறுதியில் அவளே கொல்கிறாள். அரசின் கொடுமையையும் வீட்டுக்குள் நிலவும் நிறப்பாகுபாட்டையும் ஷோவே தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே இக்கதையின் பலமாகும்.

நூலின் விளைவுகளுக்கு அஞ்சிய குடும்பத்தினர் ஹெயிட்டியில் இருந்த பிரதிகளை வாங்கி அகற்றினர், விநியோகமும் நிறுத்தப்பட்டது. நியூயோர்க்கில் புலம்பெயர்ந்து வாழ்ந்த ஷோவே 1973 இல் காலமானார். 2005 இல் அந்நூல் பிரான்சில் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது.

அடுத்த தலைமுறையைச் சேர்ந்த எட்விஜ் டன்டிகா, பன்னிரண்டு வயதில் அமெரிக்கா சென்று ஆங்கிலத்தில் எழுதுபவர். 1937 இல் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹியோவின் உத்தரவின் பேரில் ஆயிரக்கணக்கான ஹெயிட்டியர் கொல்லப்பட்டதை, 1998 இல் வெளியான நாவலில் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வாயிலாக அவர் கூறினார். ஆனால் 1994 இல் வெளியான முதல் நாவலில், தாய்மாரே மகள்மாரின் கன்னித்தன்மையைச் சோதிக்கும் வழக்கத்தை எழுதியமைக்காக, சமூகத்தின் மானத்தைக் கெடுத்துவிட்டார் என ஹெயிட்டியர் சிலரே அவரைக் குற்றஞ்சாட்டினர்.

வெளியில் இருந்து ஒடுக்கப்படும் ஒரு சமூகம், உள்ளிருக்கும் ஒடுக்குமுறையைப் பேசலாகாதா? பேசினால் அது எதிரிக்குத் துணைபோவதாகுமா? ஷோவேயும் டன்டிகாவும் இதற்குத் தமது எழுத்தாலேயே விடையளித்தனர். மௌனத்தினால் சமூகத்தின் மானம் காக்கப்படுவதில்லை. பாதிக்கப்பட்டவளின் தனிமையே கூடுகிறது.

இவ்விடயத்தில் இலங்கையரான நாம் விலகி நின்று பேச முடியாது. ஐக்கிய நாடுகள் அமைதி காக்கும் படையில் ஹெயிட்டிக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் படையினரில் நூற்றுக்கும் மேற்பட்டோர், பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டுகளை அடுத்து 2007 இல் திருப்பி அனுப்பப்பட்டனர். பாதிக்கப்பட்டோரில் சிறுவர்களும் இருந்தனர். பாதுகாக்கச் சென்றவர்கள் மீதே இத்தகைய குற்றச்சாட்டு எழுந்தமை எமது நாட்டுக்கும் உரிய வெட்கமாகும்.

ஹெயிட்டியில் பாலியல் வல்லுறவு, பெண்ணின் கௌரவத்துக்கு எதிரான குற்றமாகவே நீண்டகாலம் கருதப்பட்டது. 2005 இலேயே அது ஆளுக்கு எதிரான குற்றமாக வரையறுக்கப்பட்டது. இதற்காக உழைத்த மிரியம் மெர்லே, மகலி மர்சலேன், ஆன் மரி கொரியோலான் ஆகிய மூவரும் 2010 ஜனவரி 12 ஆம் திகதி பூகம்பத்தில் பலியாகினர். 2021 இல் ஜனாதிபதி கொல்லப்பட்ட பின்னர் தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் வசமானது. பாலியல் வன்முறை அக்குழுக்களின் ஆயுதமாகியுள்ளது.

ஆயினும் எழுத்து நிற்கவில்லை. பிரதிகளை அகற்றலாம், எழுதியவரை நாடு கடக்கச் செய்யலாம். சாட்சியத்தை என்றென்றைக்கும் புதைத்துவிட முடியாது. அச்சாட்சியத்துக்குச் செவிசாய்ப்பது வாசகர்களாகிய எமது கடமையாகும்.