சுரங்கம் தரும் சொல்வளம்

நெய்வேலி நகரியத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. “சாமி, பையன் கணக்கில் கெட்டிக்காரன். ஆங்கிலந்தான் வரவில்லை. எங்களுக்கும் அது தெரியாதே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?” என்பர். இக்குறையின் முற்பகுதி உண்மையாக இருக்கலாம். பிற்பகுதி உண்மையன்று. அதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மூன்றாண்டுகள் பிள்ளையின் கல்வியில் ஒரு திருப்பம். அதுவரை கதையும் பாட்டுமாக இருந்த ஆங்கிலப் பாடம், அப்போது நீண்ட பத்திகளாக மாறுகிறது. புதிய சொற்கள் பக்கந்தோறும் பெருகுகின்றன. வெட்கம் தலைகாட்டும் பருவமும் அதுவே. பத்துச் சொற்களில் நான்கு விளங்காத பிள்ளை எழுந்து நின்று ஐயம் கேட்பதில்லை; வாய் மூடி அமர்ந்துவிடுகிறது. அந்த மௌனத்தைச் சோம்பல் என்றும் மந்தம் என்றும் பெரியவர்கள் எடைபோடுகின்றனர். அதிகாரியின் மகனுக்கும், ஒப்பந்தத் தொழிலாளியின் மகனுக்கும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த உழவரின் மகளுக்கும் அறிவில் ஏற்றத்தாழ்வு இல்லை. அவர்களிடையே காணும் வேறுபாடு பெரும்பாலும் சில நூறு சொற்களே. அச்சொற்கள் இல்லாமையால் ஒரு பிள்ளை, ‘எனக்குப் படிப்பு வராது’ என்று தன்னைக் குறித்தே தீர்ப்பு எழுதிக்கொள்ளுமாயின், அது எத்துணைப் பெரிய இழப்பு!

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கிலம் கடல் போன்றது என்று அஞ்சுவோர் ஒன்றை அறிதல் நலம். மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயக் கல்வியாளர், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் வங்காளத்தின் டாக்கா நகரில் பணியாற்றியவர். வங்க மாணவர் ஆங்கில நூல்களைப் படிக்கத் திணறுவதைக் கண்ட அவர், அரிய சொற்களை விலக்கி, அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டே வாசிப்பு நூல்களை அமைத்தார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உள்ளன. பொதுவான ஆங்கில நூல் ஒன்றில் வரும் சொற்களுள் ஏறக்குறைய 80 விழுக்காடு இவற்றுக்குள்ளும் இவற்றின் கிளைச்சொற்களுக்குள்ளும் அடங்கிவிடும் என்பர்.

நாளொன்றுக்கு ஐந்து சொற்கள், வாரத்துக்கு ஐந்து நாட்கள், ஆண்டுக்கு 40 வாரங்கள் எனக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓராண்டில் 1,000 சொற்கள். மூன்றாண்டில் 3,000. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு மறந்துபோனாலும், அடிப்படைக்குத் தேவையானவை எஞ்சி நிற்கும்.

தந்தையின் தொழிலே பாடநூல்

“எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே” என்னும் பெற்றோருக்கு இனி வருவோம். 1956-இல் தொடங்கப்பெற்று, 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்று வழங்கும் நிறுவனத்தின் நிழலில் வளர்ந்தது நம் ஊர். இங்கே ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் வாயில் எத்தனை ஆங்கிலச் சொற்கள் இயல்பாக வருகின்றன! அவற்றை ஆங்கிலம் என்று அவர் எண்ணுவதில்லை, அவ்வளவே.

‘லிக்னைட்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிலக்கரியைக் குறிக்கும் இச்சொல், மரத்தைக் குறிக்கும் ‘லிக்னும்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பெரிய வெள்ளியன்று இலத்தீன் வழிபாட்டில் சிலுவை மரத்தைச் சுட்டுவதும் அதே சொல்தான். பன்னெடுங்காலத்துக்கு முன் மண்ணில் புதையுண்ட மரஞ்செடிகளே நம் நிலக்கரி என்னும் அறிவியல் உண்மை, அதன் பெயரிலேயே பொதிந்திருக்கிறது.

கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைச் சுரங்கத்தார் ‘ஓவர்பர்டன்’ என்பர். ‘ஓவர்’ என்றால் மேலே. ‘பர்டன்’ என்றால் சுமை. மேற்சுமை என்று பொருள் விளங்கிவிட்டது. ‘ஓவர்டைம்’ அறியாத குடும்பம் நம் ஊரில் உண்டோ? ‘ஓவர்பிரிட்ஜ்’, ‘ஓவர்கோட்’, ‘ஓவர்ஃப்ளோ’ என ஒரு குடும்பமே அங்கே வரிசையில் நிற்கிறது.

மண்ணை வெட்டும் பேரியந்திரத்தின் பெயர் ‘எக்ஸ்கவேட்டர்’. ‘எக்ஸ்’ என்பது வெளியே என்னும் பொருள் தரும். ‘கவுஸ்’ என்னும் இலத்தீன் சொல் உட்குழிவைக் குறிக்கும். குகையைக் குறிக்கும் ‘கேவ்’ என்பதும், பல் மருத்துவர் கூறும் ‘கேவிட்டி’ என்பதும் அதன் உறவுகளே. ‘எக்சிட்’, ‘எக்ஸ்போர்ட்’ ஆகியவற்றின் தொடக்கத்தில் நிற்பதும் அதே ‘எக்ஸ்’தான். ‘போர்ட்’ என்பதற்குச் சுமந்து செல்லுதல் என்னும் பொருள் தெரிந்தால் ‘இம்போர்ட்’, ‘டிரான்ஸ்போர்ட்’, ‘போர்ட்டர்’ ஆகியவை தாமே விளங்கும். ‘தெர்மல்’ நிலையத்தின் முதற்பகுதி வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். காய்ச்சலின்போது வைக்கும் ‘தெர்மாமீட்டரிலும்’ சுடுநீர் ஊற்றும் ‘தெர்மாஸிலும்’ அது உண்டு.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க நீங்கள் புலமை பெற்றிருக்க வேண்டுவதில்லை. இன்று வேலையிடத்தில் நீங்கள் கேட்ட ஒரு சொல்லை இரவு உணவின்போது கூறுங்கள். அது எப்பொருளைக் குறிக்கும் என்பதைத் தமிழில் விளக்குங்கள். அதன் எழுத்துக்களையும் உறவுச் சொற்களையும் தேடிவருவது பிள்ளையின் கடமையாகட்டும். மருந்துச்சீட்டு, மின்கட்டணச் சீட்டு, சோப்பு உறை, பேருந்துப் பலகை ஆகிய அனைத்தும் அன்னையர் காட்டக்கூடிய பாடநூல்களே.

மறதியை வெல்லும் வழி

முதல் நாள் ஐம்பது சொற்களை உருப்போட்டு மறுவாரம் ஐந்தைக்கூட நினைவிற் கொள்ளாத பிள்ளையைக் கடிவதால் பயனில்லை. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம் மறதியை அளந்து, 1885-இல் அதை நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதும், இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் படிப்பதே நிலைக்கிறது என்பதும் அவர் கண்டவை.

இதனை வீட்டில் செயற்படுத்தும் எளிய முறையை 1972-இல் செபாஸ்தியான் லைட்னர் என்பவர் எழுதினார். பழைய நாட்காட்டித் தாள்களைச் சிறு சீட்டுகளாக நறுக்குங்கள். ஒருபுறம் ஆங்கிலச் சொல். மறுபுறம் தமிழ்ப் பொருளும், அச்சொல் வரும் சிறு வாக்கியமும். மூன்று பெட்டிகள் போதும். முதற்பெட்டியை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவதை வாரமொரு முறை எடுத்துப் பாருங்கள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த பெட்டிக்கு முன்னேறும். தவறிய சீட்டு முதற்பெட்டிக்குத் திரும்பும். ஆங்கிலம் அறியாத தாயும் சீட்டின் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். பிள்ளை கூறிய விடையைச் சீட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை

நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துப் படிக்கின்றனர். இங்கே நாமும் தமிழெழுத்திலேயே எழுதியிருக்கிறோம். ஆயினும் பாடக் குறிப்பேட்டில் இது தீங்கு விளைக்கும். ‘கோட்’ என்று எழுதினால், அது மேற்சட்டையா, வெள்ளாடா? ‘பார்க்’ என்றால் பூங்காவா, நாயின் குரைப்பா? ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு எழுத்து, வெவ்வேறு ஒலி. எனவே ஒலிப்பைக் காதால் கேட்டும் வாயால் சொல்லியுமே பழக வேண்டும். பொருளை மட்டும் தமிழில் எழுதுக.

அகராதியைத் திறக்கும் கை

வீட்டுக்கு ஓர் அகராதி வேண்டும். 1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், முப்பது வயதளவில் இந்நாட்டுக்கு வந்த பின்னரே தமிழ் கற்றார். முன்னிருந்த நிகண்டுகள் செய்யுளாக அமைந்து, மனப்பாடம் செய்தோருக்கே பயன்பட்டன. அவரோ 1732-இல் இயற்றிய சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, வேண்டும்போது தேடிக் காணும் வழியைத் தமிழருக்குத் திறந்துவைத்தார். பிறமொழி ஒன்றை வளர்ந்த பின்னரும் கற்று அதில் சிறக்கலாம் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுமோ? அவ்வாறு கற்க, முதலில் ‘தெரியவில்லை’ என்று கூச்சமின்றிச் சொல்லும் துணிவு வேண்டும். அத்துணிவைப் பள்ளி தருமுன் வீடு தரவேண்டும்.

ஆங்கிலம் உயர்குலத்தின் அடையாளமன்று. அது ஒரு கருவி. தமிழில் தெளிவாகச் சிந்திக்கும் பிள்ளையின் கையில் அக்கருவி நன்கு இயங்கும். ஆகவே, தமிழை விலக்கி ஆங்கிலத்தை நாட வேண்டாம். தவறாக உச்சரித்த பிள்ளையைப் பார்த்து வீட்டில் ஒருவரும் நகைக்கவும் வேண்டாம். இன்றிரவே ஐந்து சீட்டுகளை எழுதத் தொடங்குங்கள். முதற்சீட்டில் தந்தையின் தொழிற்சொல் ஒன்று இடம்பெறட்டும். தன் தந்தை ஆங்கிலம் அறியாதவர் அல்லர் என்பதைப் பிள்ளை அன்று கண்டுகொள்ளும். தானும் அறியக்கூடும் என்னும் நம்பிக்கை அதன் உள்ளத்தில் துளிர்க்கும்.