கண்ணுக்குத் தெரியாத மருந்துப் பைகள்

‘நானோ’ என்னும் சொல் இப்போது விளம்பரப் பலகைகள் வரை வந்துவிட்டது. கிரேக்க மொழியில் அதற்குக் குள்ளன் என்று பொருள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்குகளாக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். நமது தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் அதன் சிறுமையை ஊகித்துக் கொள்ளலாம். இத்துணைச் சிறிய பொருள்களைக் கொண்டு புற்றுநோயை அடியோடு ஒழித்துவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை? மருத்துவமனைகளில் வழங்கப்பட்டு வரும் ஒரு மருந்தைக் கொண்டே பார்ப்போம்.

டாக்ஸோரூபிசின் என்பது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்த மருந்து. மாணிக்கக் கல்லைப் போலச் சிவந்த நிறமுடையது. விரைந்து பெருகும் உயிரணுக்களை இது அழிக்கும். புற்றுநோய் உயிரணுக்கள் அவ்வாறு பெருகுபவை. ஆனால் முடியின் வேரிலும் வாயின் உட்புறத்திலும் உள்ள உயிரணுக்களும் அப்படிப்பட்டவைதாமே! எனவே முடி கொட்டுகிறது; வாய் புண்ணாகிறது. இவை சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் சரியாகிவிடும். கொடியது வேறொன்று. இம்மருந்து இதயத் தசையையும் தாக்குகிறது. ஆகவே ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். நோய் கட்டுப்பட்டு வரும் வேளையில் மருந்தை நிறுத்த வேண்டி வந்தால், அந்த வீட்டார் மனம் என்ன பாடுபடும்!

இதற்கு வழி பிறந்தது எதிர்பாராத இடத்தில். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகில் அலெக் பாங்கம் என்னும் விஞ்ஞானி, லெசித்தின் போன்ற கொழுப்புப் பொருள்களை நீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இவற்றின் மூலக்கூறுக்குத் தலை நீரை நாடும், வால் நீரை வெறுக்கும். (சோப்பு அழுக்கை அகற்றுவதும் இக்குணத்தால்தான்.) நீரில் விட்டதும் அவை வால்களை உள்ளே மறைத்து இரட்டை அடுக்காக அணிவகுத்து, தாமே மூடிய சிறு பைகளாகிவிடுகின்றன. இவையே லிபோசோம்கள்.

பைக்குள் மருந்தை இடலாமே என்ற எண்ணம் எளிதில் தோன்றியது. செய்வதுதான் எளிதாக இல்லை. உடலில் செலுத்திய பைகளை ஈரலும் மண்ணீரலும் அயலாராகக் கண்டு விழுங்கிவிட்டன. பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் பொருளைப் போர்வையாகப் போர்த்தியபின் அவை தப்பின. ஜெருசலேமைச் சேர்ந்த பேரன்ஹோல்ஸ், கபிசோன் ஆகியோர் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து உருவாக்கிய ‘டாக்ஸில்’ 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நானோ மருந்துகளில் அந்நாட்டின் அனுமதியை முதலில் பெற்றது இதுவே. ஒரு பையின் குறுக்களவு ஏறக்குறைய 100 நானோமீட்டர்.

பைக்கு வழி காட்டுவது யார்? யாரும் இல்லை. புற்றுக்கட்டி அவசர அவசரமாக அமைத்துக்கொள்ளும் இரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை. சுவரில் இடைவெளிகள் மிகுதி. நல்ல குழாய்களில் நுழைய முடியாத பை, அந்த ஓட்டைகளில் கசிந்து கட்டிக்குள் தங்குகிறது. 1986-இல் ஜப்பானியரான மட்சுமுராவும் மயேதாவும் இதை எடுத்துக் காட்டினர்.

பலன் என்ன? பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுள்ள 509 பெண்களிடம் பழைய மருந்தையும் பைமருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆனால் இதயப் பாதிப்பு பைமருந்தில் மிகவும் குறைவு. முடி கொட்டுவதும் குறைவு. உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோலுரிவது மட்டும் புதிய தொல்லை. ஆக, நானோ நுட்பம் இங்கே அளித்தது கூர்மையான வாள் அன்று. அதே வாளுக்கு ஓர் உறை. என்னைக் கேட்டால் இதுவே பெரிய நன்மை.

இதைச் சொல்லாமல் ‘மருந்து நேரே புற்றுக்குச் செல்கிறது’ என்று எழுதுவது நோயாளிகளுக்குச் செய்யும் தீங்கு. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கணக்கிட்டபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்தவை நடுத்தரமாக நூற்றுக்கு 0.7 பங்கே. அவற்றில் பெரும்பாலானவை எலிகளிடம் செய்த சோதனைகள். மனிதருள்ளும் எல்லாக் கட்டிகளின் குழாய்களும் ஒரேபோல ஒழுகுவதில்லை.

மற்றொரு மருந்தையும் குறிப்பிட வேண்டும். யூ மரப்பட்டையில் கண்டெடுக்கப்பட்ட பாக்லிடாக்சல் நீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து ஏற்றினால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாகும். நம் இரத்தத்திலேயே உள்ள அல்புமின் என்னும் புரதத்துடன் அதைப் பிணைத்து 130 நானோமீட்டர் துகளாக்கினர். 2005 முதல் இது மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படுகிறது. கரைப்பானும் இல்லை, மூன்று மணி நேரம் ஏற்றிய மருந்தை அரை மணியில் ஏற்றிவிடலாம்.

2012-இல் அமெரிக்காவில் டாக்ஸிலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம் நாட்டுச் சன் பார்மா நிறுவனத்தின் லிபோசோம் மருந்தை அந்நாடு தற்காலிகமாக இறக்குமதி செய்துகொண்டது. மறு ஆண்டே அந்நிறுவனத்தின் தயாரிப்புக்கு முறையான அனுமதியும் வழங்கியது.