வலியசாலையில் ஓராண்டு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவின் வழியே நடந்தால், சிறிது தொலைவில் ஆரியசாலையும் அதனை அடுத்து வலியசாலையும் வரும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; வாசல்களில் கோலம். வீட்டுக்குள் பேசும் மொழி தமிழ்; படியிறங்கித் தெருவுக்கு வந்தால் மலையாளம். தில்லியிலோ புனேயிலோ வாழும் உங்கள் வீடும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். வேற்று மொழி வழங்கும் ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஓராண்டு எவ்வாறு செல்கிறது என்பதை இத்தெருவை வைத்து அறிவோம்.

முதலில் தெருவின் பெயரைப் பார்ப்போம். தமிழில் ‘வலிய’ என்றால் வலிமையுள்ள என்பது பொருள். மலையாளத்தில் ‘பெரிய’ என்பது பொருள். ‘சாலை’ என்பதை இன்று நாம் பாதை என்ற பொருளில் வழங்குகிறோம். பழங்காலத்தில் அது கல்வியும் உணவும் அளித்த இடத்தைக் குறித்தது. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில் புகழப்படும் காந்தளூர்ச்சாலை இவ்விடத்தில்தான் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள மகாதேவர் கோயிலும் காந்தளூர் என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. இச்சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர் தங்கிப் படிக்க ஒரு சாலை அமைத்தான். அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. காந்தளூரோ கேரளத்தில் உள்ளது. இடையில் இன்று ஒரு மாநில எல்லை இருக்கிறது.

அவ்வெல்லையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ வேலைக்காக எல்லையைக் கடந்து வந்திருப்பார்கள். வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழ்ந்த பல குடும்பங்கள் அவ்வாறு கடந்தவை அல்ல. நாகர்கோவில், சுசீந்திரம், பத்மநாபபுரம் முதலிய ஊர்கள் திருவிதாங்கூர் அரசின் பகுதிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை பத்மநாபபுரமே தலைநகர். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. திவான் இராசா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். தெற்கேயிருந்து வணிகரும் கணக்கரும் ஆசிரியரும் தம் நாட்டின் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வளவே.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. மார்ஷல் நேசமணி முதலியோரின் நெடிய போராட்டத்தின் பயனாக அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தன. நாகர்கோவிலில் அது மகிழ்ச்சிக்குரிய நாள். வலியசாலையில் அதே நாளில் சிலருக்கு அண்ணன் வீடு வேறு மாநிலத்துக்குப் போயிற்று. யாரும் பெட்டி கட்டவில்லை, பேருந்து ஏறவில்லை. ஆயினும் அன்றுமுதல் அவர்கள் அரசின் கணக்கில் ‘மொழிச் சிறுபான்மையினர்’. இத்தகைய குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதி செய்து தர வேண்டும் என்னும் 350ஏ பிரிவும் அதே 1956ஆம் ஆண்டில்தான் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவே உள்ள திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைக்கும் இருப்புப்பாதை 1979இல்தான் வந்தது.

இனி, வீட்டின் நாட்காட்டிக்கு வருவோம். சுவரில் மலையாள நாட்காட்டி தொங்கும். பாட்டியின் வாயில் தமிழ் மாதம் வழங்கும். இரண்டும் கதிரவனின் ஓட்டத்தையே கணக்கிடுகின்றன. முழுநிலவு நாளில் நிலவு நிற்கும் விண்மீனை ஒட்டித் தமிழ் மாதங்கள் பெயர் பெற்றன. கதிரவன் நிற்கும் ராசியின் பெயரையே மலையாள மாதங்கள் கொண்டன. ஆகவே சித்திரைதான் மேடம், ஆடிதான் கர்க்கடகம், ஆவணிதான் சிங்ஙம். ஆனால் தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கும், கி.பி. 825இல் தொடங்கிய கொல்லம் ஆண்டோ சிங்ஙத்தில் பிறக்கும். எனவே, வலியசாலைப் பிள்ளைக்கு ஓராண்டில், ஆங்கிலப் புத்தாண்டையும் சேர்த்து, மூன்று புத்தாண்டுகள்!

சில ஆண்டுகளில் சித்திரை முதல் நாளும் விஷுவும் ஒரே நாளில் வரும். சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக வரும். காரணங்களுள் ஒன்று இது. கதிரவன் மேட ராசியில் நுழைவது பொழுது சாய்வதற்கு முன் நேர்ந்தால், தமிழ்க் கணக்கில் அன்றே மாதப்பிறப்பு. மலையாளக் கணக்கில், பகலின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்குள், அது நேர்ந்திருக்க வேண்டும். பிந்தினால் மறுநாள்தான் மேடம் ஒன்று. கதிரவன் பிற்பகல் மூன்று மணிக்கு நுழைந்தால், இவ்வீட்டில் இன்று பாயசம், எதிர்வீட்டில் நாளை. கொன்றைப்பூவும் வெள்ளரிக்காயும் கண்ணாடியும் வைத்துக் ‘கனி’ காணும் வழக்கம் குமரி மாவட்டத் தமிழரிடமும் உள்ளதால், கைநீட்டக் காசு இருமுறை கிடைக்கும் வாய்ப்பைப் பிள்ளைகள் நழுவவிடுவதில்லை.

ஓணத்தோடு முடியும் பத்து நாளும் அத்தப்பூக்களம் இடுவதற்குத் தோவாளையிலிருந்து பூக்கள் வந்து குவியும். தையில் வீட்டுக்குள் பொங்கல்; கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்கல். ஆற்றுகால் அம்மனைக் கண்ணகியோடு தொடர்புபடுத்திக் கூறுவர். அந்நாளில் நகரின் தெருக்களிலெல்லாம் செங்கல் அடுப்புகள் வரிசையாக எரியும். எந்த அடுப்பருகில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று புகையில் தெரியாது.

சமையலறையைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. அவியல், எரிசேரி, ஓலன், தீயல் ஆகியன இருபுறத்துக்கும் பொதுவானவை, தேங்காயெண்ணெயும் அவ்வாறே. பதிமுகப்பட்டை இட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீரை முதன்முறை காணும் தமிழ்நாட்டு விருந்தினர்தாம் தயங்குவர்.

மொழியில்தான் வேடிக்கையும் சிக்கலும் மிகுதி. மதுரையிலிருந்து வந்த சிறுவனிடம் பக்கத்து வீட்டுச் சேச்சி, “வெள்ளம் வேணோ?” என்று கேட்டால் அவன் திகைப்பான், அவர் கேட்டது தண்ணீர். ‘பட்டி’ அவனுக்குச் சிற்றூர், அவருக்கு நாய். இட்டலிக்குச் ‘சம்மந்தி’ தரட்டுமா என்று கேட்டால், திருமண உறவினரைத் தேட வேண்டாம், அது துவையல். வேறு சில சொற்களோ நம்மைப் பழந்தமிழுக்கே அழைத்துச் செல்லும். ‘அம்மா விளிக்குன்னு’ என்றால் அம்மா கூப்பிடுகிறார் என்பது பொருள். நீங்கள் இலக்கணத்தில் படிக்கும் விளி வேற்றுமையின் ‘விளி’தான் அது. பேச்சுத் தமிழில் நாம் ‘தூங்கு’ என்கிறோம். மலையாளம் ‘உறங்கு’ என்பதை விடாமல் வைத்திருக்கிறது. பி. கே. பாலகிருஷ்ணன் எழுதிய ‘இனி ஞான் உறங்ஙட்டெ’ என்னும் மலையாளப் புதினத்தை ஆ. மாதவன் தமிழாக்கியபோது அதன் தலைப்பு ‘இனி நான் உறங்கட்டும்’ என்றே அமைந்தது. மாதவன் 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதரைத் தமிழில் எழுதியவர். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். ‘மனோன்மணீயம்’ இயற்றிய சுந்தரனாரும் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக வாழ்ந்தவரே. தமிழ்நாடு தன் வாழ்த்துப்பாடலை அந்நூலிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

வீட்டுத்தமிழில் இரண்டு மலையாளச் சொல் கலப்பதால் பெருங்கேடு வந்துவிடாது. கவலைக்குரியது வேறொன்று. கேரளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தமிழைச் சரளமாகப் பேசியும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவர் பலர். பள்ளியில் படித்தது மலையாளம் அல்லது ஆங்கிலம். நாகர்கோவில் அத்தை வீட்டிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைத் தாத்தா படித்துச் சொல்ல வேண்டும். தாத்தாவுக்குப் பின், அவர் பெட்டியில் வைத்திருந்த கடிதங்களை யார் படிப்பது? பேச்சு காதாலேயே வந்துவிடும். எழுத்து அவ்வாறு வராது.

மலையாளம் படித்த பிள்ளைக்குத் தமிழெழுத்தில் முதலில் தோன்றும் ஐயம், ‘ஒரே க எப்படிப் பல ஒலிகளைத் தரும்?’ என்பதே. மலையாளத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து உண்டு. தமிழில் இடமே ஒலியைத் தீர்மானிக்கும். ‘கடல்’ என்பதில் முதலில் நிற்பதால் வன்மை. ‘மங்கை’ என்பதில் மெல்லினத்தின் பின் வருவதால் மென்மை. ‘பகல்’ என்பதில் உயிரொலிகளுக்கு நடுவே வருவதால் இன்னும் மென்மை. சில நாள் வாய்விட்டுப் படித்தால் இது கைவந்துவிடும். ழகர, ளகர, றகர ஒலிப்பிலோ வலியசாலைப் பிள்ளைக்குப் பயிற்சியே வேண்டாம். மலையாளம் அவ்வொலிகளைக் கூர்மையாகக் காத்து வருகிறது. ‘வாழைப்பழம்’ சொல்லும் போட்டி வைத்தால் சென்னைப் பிள்ளை தோற்கக்கூடும்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது நவராத்திரியை விட்டுவிட முடியாது. ஆண்டுதோறும் மூன்று தெய்வத் திருமேனிகள் தெற்கிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக வருகின்றன: பத்மநாபபுரம் அரண்மனையின் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது வழிவழிச் செய்தி. தலைநகர் மாறிய பின் தொடங்கிய இவ்வழக்கம் 1956க்குப் பின்னும் நிற்கவில்லை. பத்மநாபபுரத்தில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கில் இப்போது இரு மாநில அதிகாரிகளும் கலந்துகொள்கின்றனர். குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, கரமனை வழியாக ஊர்வலம் நகரை அடையும். சரசுவதி கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும் தங்க, குமாரசுவாமி தங்குவது ஆரியசாலையில். வலியசாலைக்காரருக்கு அது தம் ஊர் விருந்தினர் பக்கத்துத் தெருவில் தங்கியிருப்பது போன்றது.

விசயதசமியன்று குழந்தையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் விரல்பிடித்து எழுதவைப்பர். மலையாள வழக்கில் ‘ஹரி ஸ்ரீ’ எழுதுவது மரபு. தமிழ் வழக்கில் ‘அ’. எதை முதலில் எழுதுவது என்பதை வீட்டுப் பெரியவர்கள் அன்று காலை முடிவு செய்யவேண்டும். இரண்டையும் எழுதவைக்கலாமே என்பது எம் எண்ணம்; தட்டில் இடம் இருக்கிறது, அரிசியும் இருக்கிறது. விழா முடிந்து, ‘நல்லிருப்பு’ எனப்படும் ஓய்வு நாளும் கழிந்தபின், மூன்று திருமேனிகளும் களியக்காவிளையைத் தாண்டித் தம் ஊர்களுக்குத் திரும்புகின்றன. வலியசாலைப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புகின்றனர்.