முப்பத்திரண்டாம் நாள்

சென்ற வாரம், ஆள் போன வீட்டின் முதல் எட்டு நாட்களைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்குப் பின்னால் வருவதைப் பேச வேண்டும். அதை வஹகோட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அருகே இருக்கிறது அந்த ஊர். ஒல்லாந்தர் காலத்தில் கண்டி அரசனிடம் அடைக்கலம் பெற்ற போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். இன்று அவர்கள் பேசுவது சிங்களம். ஊரின் அடையாளம் புனித அந்தோனியார் திருத்தலம்.

அந்தோனியார் 1231 ஜூன் 13 அன்று பதுவை நகரில் இறந்தார். தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று அவரை நம்புகிறோம். மாடு தொலைந்தாலும், காதுத்தோடு தொலைந்தாலும், படிக்கப் போன பிள்ளையிடமிருந்து தகவல் இல்லாவிட்டாலும் அவரிடம்தான் ஓடுகிறோம். இந்த நாட்டின் அந்தோனியார் கோயில்களில் சைவர்களையும் பௌத்தர்களையும் சாதாரணமாகக் காணலாம். ஆனால் மகனை மண்ணுக்குக் கொடுத்தவள் அவரிடம் எதைக் கேட்பாள்? அவனைத் திருப்பித் தரச் சொல்ல முடியாது. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் வருகிறாள். ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, கேட்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொருத்தியும் அப்படியே இருக்கிறாள். ஆறுதல் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மலைநாட்டிலேயே அதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளை வீட்டாரே கைவிட்டு ஓடினார்கள். கோவாவிலிருந்து வந்திருந்த யோசேவ் வாஸ் அடிகளும் அவருடைய மருமகனான குருவும் அவர்களைத் தேடிப் போய்க் கழுவித் துடைத்தார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே அடக்கம் செய்தார்கள். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். அந்தக் கண்டி நாட்களில் அவர் செய்த பெரிய காரியம் ஓடாமல் நின்றதுதான்.

அவர் வழியில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழும் சிங்களமும் கற்று, தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை நினைத்து ஊரே கூடி உரக்க வாசித்து அழும் நூல் அது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து வீடுகளில் அது ஒலித்திருக்கிறது. நம் பாட்டிமாரின் ஒப்பாரியும் இதே வேலையைத்தான் செய்தது. தனியாக அழுதால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் சொல்லை, பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது வெளியே எடுத்துவிடலாம். போரில் நொந்த யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணிசெய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும், இத்தகைய சடங்குகள் மனதை ஆற்றும் வழிகள் என்று எழுதியிருக்கிறார். ஒப்பாரியை நாகரிகக் குறைவென்று நாம் ஒதுக்கியது பெரிய பிழை.

துயருக்கு ஐந்து படிகள் என்று எங்கும் சொல்கிறார்கள். எலிசபெத் கூப்ளர் ரோஸ் 1969இல் அவற்றைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. இழந்து நிற்பவர் படியேறிக் கரைசேர வேண்டும் என்ற கணக்கு பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆறு மாதமாகியும் அழுகிறேனே, எனக்கு ஏதோ கோளாறோ என்று யாரும் பயப்பட வேண்டாம். 1996இல் டெனிஸ் கிளாஸ் முதலான ஆய்வாளர்கள், இறந்தவரோடு உறவைத் தொடர்வது இயல்பானதே என்று காட்டினார்கள். ஆண்டுத் திதிக்குப் பிடித்த கறி சமைத்துப் படைக்கும் நமக்கு இது புதிதல்ல.

சிலருக்கு அடக்கம் செய்யவே உடல் கிடைக்கவில்லை. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். அவை எந்தக் காலத்தவை என்பதில் பிற்பாடு சர்ச்சை எழுந்தது. ஆனால் 1987-89 கலவரக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள், இது நம்முடையதாக இருக்குமோ என்று ஏங்கின. வடக்கிலும் கிழக்கிலும் காணாமற்போன பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தித் தெருவோரம் அமர்ந்திருக்கும் தாய்மாருக்கும் அதே ஏக்கம்தான். எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் என்று எந்தச் சடங்கு நாளையும் எண்ணத் தொடங்க முடியாத துயரம் அது. அவர்களிடம் “மறந்துவிடுங்கள்” என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் நாடே வெள்ளைக்கொடி கட்டியது. அதே ஆண்டு ஜூனில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மீண்டும் திறந்தது. பிள்ளையை இழந்த வீட்டில் அந்த ஜூனிலும் அடுத்த ஜூனிலும் ஒரு தட்டு குறைவாகவே வைத்தார்கள்.

என் அப்பா இறந்தபோது மரண உதவிச் சங்கம் கூடாரம் போட்டது, கதிரை கொண்டுவந்தது. அயல்வீடுகளிலிருந்து சோறு வந்தது. முப்பத்தோராம் நாள்வரை வீடு நிறைய ஆட்கள். முப்பத்திரண்டாம் நாள் காலையில் அம்மா பழக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றினார். யாரும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பக்கத்து வீட்டு அக்கா வந்து, “அண்ணன் எப்படிப் பேசுவார், சொல்லுங்கோ” என்று கேட்டார். அம்மா முதன்முறையாக இரண்டு மணிநேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார். அந்த அக்கா ஒரு புத்திமதியும் சொல்லவில்லை.

உறக்கமே வராமல், சாப்பிடாமல், வாழவே வேண்டாம் என்று நினைப்பவர் உங்கள் அருகில் இருந்தால், இலங்கையில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ அழையுங்கள்; அவரைத் தனியே விடாதீர்கள். மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இரண்டு மாதத்திற்கு முன் செத்த வீடாக இருந்த வாசலை இந்த வாரம் ஒருமுறை தட்டுங்கள். போனவரின் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

(தொடரும்)