அந்நியர் வீட்டு வயலில்

இலண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ கொப்பாட் என்னும் பெண்மணி, 1971ஆம் ஆண்டு ஒரு வார இறுதியில், சசெக்ஸ் பகுதியிலுள்ள எமர்சன் கல்லூரிப் பண்ணையில் வேலை செய்யச் சிலரைச் சேர்த்தார். கூலி இல்லை, சாப்பாடும் படுக்கையும் உண்டு. இன்று பல நாடுகளில் பரவியுள்ள 'வூஃப்' அமைப்பு இப்படித்தான் தொடங்கியது.

பணம் கைமாறாத இடத்தில் நம்பிக்கையே முதல். அந்த நம்பிக்கையும் கேள்வி கேட்டே வளர வேண்டும் என்பது எமது எண்ணம். எத்தனை மணி நேர வேலை, எங்கே படுக்கை, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, வீட்டில் யார் யார் இருக்கின்றனர் என்பதைப் போகுமுன்னரே கேட்டறிய வேண்டும். பிறர் காணியில் ஒதுங்கி வாழ்ந்த நம்மவர் இப்படிக் கேட்கக் கூசுவர். அந்தக் கூச்சத்தை நாம் அறிவோம். வீட்டுக்காரரும் கேட்கட்டும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அல்லவா ஆள் வருகிறார்! மண்வெட்டி பிடித்தறியாதவரிடம் முதல் நாளே உழவு இயந்திரத்தைக் கொடுப்பதும் தவறு. மனம் ஒவ்வாவிட்டால் எவ்வேளையும் புறப்படலாம் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். திரும்பும் பஸ் காசு வந்தவரின் மடியிலேயே இருக்கட்டும்.